மூங்கிற் குழாயில் விளைந்த தோப்பி

எங்கள் ஆய்க்குடியில் எந்த இலக்கியக் கூட்டம் நடந்தாலும் புறநானூற்றின் 132-ஆம் பாடல் வந்துவிடும். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடியது அது. வடக்கே இமயம் இருக்கிறது. தெற்கே ஆய்குடி இல்லாமற் போனால் இவ்வுலகம் புரண்டுவிடும் என்பது அதன் கருத்து. 'ஆய் குடி' என்பதை ஊராகவும் கொள்ளலாம், ஆய் என்பவனின் குடியாகவும் கொள்ளலாம். எங்கள் ஊர்க்காரர்கள் எதைக் கொள்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அண்மையில் அப்படி ஒரு கூட்டத்தில் பேசிய அன்பர், இப்பாடலில் பூமியின் சமநிலை பற்றிய இயற்பியல் அடங்கியிருப்பதாகச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் இயற்பியல் ஆசிரியன். இமயத்தையும் ஆய்க்குடியையும் எந்தத் தராசில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் அடுத்த சான்றுக்குத் தாவிவிட்டார். அகநானூற்றின் 348-ஆம் பாடல் நுண்ணுயிரியல் பாடமாம். மேனாட்டார் 19-ஆம் நூற்றாண்டில் கண்டதை நம் குறவர்கள் அன்றே மூங்கிற் குழாயில் செய்து முடித்துவிட்டார்களாம்.

முதற்பாடலைப் பற்றிய கூற்றைச் சிரித்து விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி விட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் அந்தப் பாடலில் உண்மையாகவே ஒரு நொதிப்புச் செய்முறை இருக்கிறது. அதை ஆராயாமல் புகழ்ந்தால் அறிவியலும் கைநழுவும், பாடலும் கைநழுவும்.

பாடலை என் சொற்களில் தருகிறேன். இயற்றியவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார். முற்றத்து மாமரத்தில் கோடையில் கனிந்த மணமுள்ள மாம்பழம், முட்புறப் பலாவின் சுளை, தேன் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கலக்கிறார்கள். வண்டு மொய்க்கும் அந்தக் கலவையைக் கணு நீண்ட மூங்கிலில் இட்டு முதிர விடுகிறார்கள். பாம்பின் கடுப்பைப் போன்ற தோப்பி கிடைக்கிறது. அதை மலைத் தெய்வத்துக்குப் படைத்துவிட்டு, தழையுடை அணிந்த பெண்கள் ஊற்றித்தர, குறவர்கள் குடிக்கிறார்கள். தினைப்புனத்தைக் காக்க மறக்கிறார்கள். யானை வந்து தினையைத் தின்றுவிடுகிறது. இளையோரும் முதியோரும் வில்லைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள். இப்படிப்பட்ட மலைநாட்டுக்காரனின் நிலையில்லாத இனிய சொல்லை நம்பிவிட்ட என் நெஞ்சம் என்ன ஆகுமோ என்று தலைவி கேட்பதில் பாடல் முடிகிறது.

அகநானூற்றுக்குக் கிடைத்துள்ள பழைய உரை முதல் 90 பாடல்களுக்கே உண்டு. ஆகவே இப்பாடலுக்கு இக்கால உரைகளே துணை. அவை சொற்பொருளைச் சரியாகத் தருகின்றன. பழங்களை எதற்காகச் சேர்த்தார்கள் என்று கேட்பதில்லை. 'சுவைக்காக' என்று நாமாக நினைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம்.

தேனை மட்டும் குழாயில் ஊற்றி வைத்தால் என்ன ஆகும்? முதிர்ந்த தேனில் ஏறக்குறைய 80 சதவிகிதம் சர்க்கரை. நீர் 20 சதவிகிதத்துக்கும் குறைவு. இவ்வளவு அடர்ந்த கரைசலில் விழுந்த ஈஸ்ட்டின் உடலிலிருந்து நீர் வெளியே இழுக்கப்படுகிறது. ஊறுகாயை உப்பு காப்பது போல் தேனைச் சர்க்கரையே காக்கிறது. நீர் 20 சதவிகிதத்தைத் தாண்டினால்தான் தேன் தானாக நுரைக்கத் தொடங்கும். தேனில் இன்னொரு குறையும் உண்டு. ஈஸ்ட் பெருகுவதற்குச் சர்க்கரை மட்டும் போதாது, நைட்ரஜன் சத்தும் வேண்டும். அது தேனில் மிகமிகக் குறைவு. தேனும் நீரும் மட்டும் கலந்து மது செய்யும் வெளிநாட்டார், நொதிப்பு பாதியில் நின்றுவிடுகிறது என்று அடிக்கடி குறைப்படுவது இதனால்தான். அவர்கள் ஈஸ்ட்டுக்கென்று தனி உணவு வாங்கிச் சேர்க்கிறார்கள்.

இப்போது பழங்களைப் பாருங்கள். மாம்பழச் சதையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். பலாச்சுளையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. இரண்டிலும் ஓரளவு நைட்ரஜன் சத்தும், மாவில் அமிலமும், தோலில் இயற்கையான ஈஸ்ட்டும் உண்டு. பாடலில் அளவு எதுவும் இல்லை. நானாக ஓர் அளவு வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ மாஞ்சதை, ஒரு கிலோ பலாச்சுளை, கால் கிலோ தேன். மூன்றும் சேர்ந்த கலவையில் சர்க்கரை ஏறத்தாழ 23 அல்லது 24 சதவிகிதம் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே நொதிப்புக்கு ஏற்ற அளவு இது! தேனை அரைக் கிலோவாக்கினால் 29 சதவிகிதம் ஆகிவிடுகிறது. அப்போது ஈஸ்ட் திணறும். நொதிப்பு பாதியில் நின்று, பானம் தித்திப்பாகவே தங்கிவிடக்கூடும். ஆக, பழம் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படவில்லை. தேனை நொதிக்கச் செய்வதே பழம்தான்.

பாடலில் தேனைக் குறிக்கும் சொல் 'இறால்'. அதற்குத் தேனடை என்றும் பொருள். அடையோடு பிழிந்தால் தேனீ சேர்த்துவைத்த மகரந்தமும் வரும். மகரந்தத்தில் நைட்ரஜன் நிறைய உண்டு. மொய்க்கும் வண்டுகளோ, பூவுக்குப் பூ ஈஸ்ட்டைச் சுமந்து திரிபவை. இதை எழுதிக்கொண்டே வந்தபோது கூட்டத்தில் பேசிய அன்பரின் நாற்காலியில் நானே உட்கார்ந்துவிட்டதை உணர்ந்தேன். வண்டு மொய்ப்பது பழச்சாற்றின் இனிமையைக் காட்டக் கவிஞர் சொன்னது. ஈஸ்ட்டைச் சொல்ல அல்ல. ஆகையால் வண்டுகளை விட்டுவிட்டு மூங்கிலுக்கு வருவோம்.

தேனால் ஆன மதுவை மூங்கிலில் முதிரவைப்பது இந்தப் பாடலில் மட்டும் காணும் செய்தி அல்ல. மலைபடுகடாத்திலும் திருமுருகாற்றுப்படையிலும் வருகிறது. மலைவாழ் மக்களின் வழக்கமான கலம் அது என்று கொள்ளலாம். கையருகே கிடைத்தது என்பது முதற்காரணம். ஆனால் அந்த வடிவத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது.

நொதித்த பானத்தைக் கெடுக்கும் முதல் எதிரி காற்று. ஈஸ்ட் ஆக்கிய ஆல்கஹாலை வேறொரு வகைப் பாக்டீரியா அசெடிக் அமிலமாக மாற்றிக் காடியாக்கிவிடும். அதற்குப் பிராணவாயு இன்றியமையாதது. ஆகவே பானத்தின் மேற்பரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 8 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. உயரமும் உள்ள குழாயில் இரண்டரை லிட்டர் கொள்ளும். அதன் மேற்பரப்பு 50 சதுர செ.மீ. அதே இரண்டரை லிட்டரை 30 செ.மீ. அகலமுள்ள வாய் அகன்ற தாழியில் ஊற்றினால் மேற்பரப்பு 700 சதுர செ.மீ.க்கு மேல் போய்விடும். 14 மடங்கு! மேலும், நொதிப்பில் வரும் கரியமில வாயு காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானது. ஒடுங்கிய குழாயில் அது பானத்தின் மேல் போர்வை போல் தங்கி நிற்கும்.

அந்த வாயுவே மூங்கிலுக்கு எமனாகவும் ஆகலாம். 100 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 51 கிராம் ஆல்கஹாலும் 49 கிராம் கரியமில வாயுவும் உண்டாகும். 30 டிகிரி செல்சியஸில் 49 கிராம் வாயுவின் பருமன் சுமார் 27 லிட்டர். நம் கலவையில் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால், ஒவ்வொரு லிட்டர் பானமும் 50 லிட்டருக்கு மேல் வாயுவைக் கக்கும். வாயை இறுக அடைத்துவிட்டால் எந்தக் குழாய் தாங்கும்?

இங்கே இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இருபுறமும் மூடிய உருளைக்குள் அழுத்தம் ஏறும்போது, சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கும் தகைவு நீளவாக்கில் இழுக்கும் தகைவைப் போல் இருமடங்காகும். மூங்கிலின் நார்களோ நீளவாக்கில் ஓடுகின்றன. நீளவாக்கில் இழுத்தால் மூங்கில் அசையாது. நார்களைக் குறுக்கே பிரித்தால் எளிதில் பிளந்துவிடும். கூடை முடைகிறவர் அரிவாளை ஒருமுறை தட்டி மூங்கிலை அடிமுதல் நுனிவரை பிளப்பதைப் பார்த்திருப்பீர்கள். தகைவு மிகுந்த திசையிலேயே மூங்கிலின் வலிமை குறைவு. ஆகவே வாய் இறுக அடைக்கப்பட்டிருக்க முடியாது. உள்ளிருந்து வாயு கசிய வழிவிட்டு, வெளிக்காற்றைப் பெரும்பாலும் தடுக்கும் ஏதோ ஒரு மூடி இருந்திருக்க வேண்டும். இலைச் சுருளோ, துணியோ, களிமண்ணோ? பாடல் அதைச் சொல்லவில்லை. நொதிப்பைக் கட்டுப்படுத்தும் கலையில் பாதி அந்த மூடியில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாத ஒன்றைச் செய்முறைக் குறிப்பு என்று எப்படி ஏற்பது?

வெப்பநிலைக்கு வருவோம். எங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். சித்திரையில் இட்லி மாவு பாத்திரத்தை விட்டு வழியும். ஆடிச் சாரலில் செங்கோட்டைக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று இறங்கும்போது விடிந்த பிறகும் மாவு பொங்காது. நுண்ணுயிர்கள் வேறுபட்டாலும் மதுவுக்கும் இதே விதிதான். வெப்பம் மிகுந்தால் நொதிப்பு விரைந்தோடி வேண்டாத மணங்களை விட்டுச் செல்லும். 40 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் தளர்ந்து, மற்றவை தலையெடுக்கும்.

இதற்குச் சங்ககாலத்தில் என்ன செய்தார்கள்? விடை அகநானூற்றுப் பாடலில் இல்லை. பாரியின் நாட்டைக் கபிலர் பாடும் புறநானூறு 120-இல் இருக்கிறது. அங்கே மது நிலத்தில் புதைத்து முதிர வைக்கப்படுகிறது. புதைத்தால் போதை ஏறும் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். மண் எந்த ஆல்கஹாலையும் தருவதில்லை. மண் தருவது நிலையான வெப்பநிலை. பகலில் சூடேறி இரவில் குளிரும் தரைப்பரப்பின் வெப்ப அலை, கீழே செல்லச்செல்லத் தேய்ந்துகொண்டே போகிறது. சாதாரண மண்ணில் 12 செ.மீ. ஆழத்துக்கு ஒருமுறை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று கொள்ளலாம். அரை மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பின் ஏற்ற இறக்கத்தில் நூற்றில் இரண்டு பங்குகூட எஞ்சாது. மேலே பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வேறுபாடு இருந்தாலும் கீழே அரை டிகிரிக்கும் குறைவு. வெப்பமானி இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு எது? வியக்க வேண்டுமானால் இதை வியக்கலாம். ஆனால் பேச்சாளர்கள் இந்தப் பாடலை எடுப்பதே இல்லை.

அவர்கள் எடுக்காத இன்னொரு பகுதி பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அரிசிக் கள் செய்யும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறார். அரிசியைக் களியாகத் துழாவுகிறார்கள். வாய் அகன்ற தட்டில் கொட்டி ஆற்றுகிறார்கள். கறையான் புற்றின் குரும்பியைப் போலத் தோன்றும் ஓர் அடையைச் சேர்க்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகிறார்கள். வாய் வலுத்த சாடியில் பச்சை வாடை நீங்க முதிர்த்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். அந்த அடை நெல்முளையை இடித்துச் செய்தது என்று உரைகளில் காண்கிறோம். அப்படியானால் செய்தி தெளிவு. ஈஸ்ட்டால் மாவுப்பொருளை நேரே உண்ண முடியாது. முளைத்த நெல்லிலுள்ள நொதி அதைச் சர்க்கரையாக உடைத்துத் தரவேண்டும். கொதிக்கும் களியில் அடையைப் போட்டால் அந்த நொதி அழிந்துவிடும். எனவே ஆற்றிய பிறகே அடை! வடகிழக்கு மாநிலங்களில் அரிசி மதுவுக்கு இடும் உலர்ந்த வில்லைகளைப் போல இதுவும் நுண்ணுயிர் வளர்ந்த அடையாக இருக்கலாம் என்றும் நினைக்க இடமுண்டு. எப்படியானாலும் இங்கே வரிசை இருக்கிறது, கால அளவு இருக்கிறது, ஆற்ற வேண்டிய இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. நொதிப்பைக் கட்டுப்படுத்துவதை அருகில் நின்று பார்த்த கண் இது. அகநானூற்றுக் கவிஞரின் கண் வேறெங்கோ இருக்கிறது.

'பாம்பின் கடுப்பு' என்பதையும் அளவாகக் கொள்ளக்கூடாது. புறநானூறு 392-இல் ஔவையார் நாட்பட்ட மதுவுக்குத் தேளின் கடுப்பை உவமை சொல்கிறார். பாம்பு, தேள் என்றவுடன் அது காய்ச்சி வடித்த சாராயம் என்று சிலர் எழுதுகிறார்கள். இப்பாடல்களில் காய்ச்சி வடிக்கும் கலம் இல்லை. வடிக்காத மதுவுக்கு ஒரு வரம்பு உண்டு. தான் ஆக்கிய ஆல்கஹாலே ஈஸ்ட்டுக்கு நஞ்சு. நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு என்ற அளவை எட்டும்போது பெரும்பாலான ஈஸ்ட்டுகள் ஓய்ந்துவிடும். பழத்தோலில் வரும் காட்டு ஈஸ்ட்டுகளில் பல அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். எத்தனை ஆண்டு புதைத்தாலும் அந்த எண் ஏறாது. நாட்பட நாட்பட ஏறுவது தெளிவும் மணமும்தான். 'தேறல்' என்ற பெயரே தெளிவைக் குறிப்பது.

அப்படியானால் நம் முன்னோர் என்ன அறிந்திருந்தார்கள், என்ன அறியவில்லை? இதற்கு மூங்கிற் குழாயைத் தேடிப் போக வேண்டாம். தென்காசி வட்டாரத்தில் பனை ஏறுகிறவர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித் தொங்கவிடுகிறார். காலையில் பதநீர் இனிக்கிறது. சுண்ணாம்பு இல்லாத கலயம் விடியும்போதே நுரைத்திருக்கும். காரத்தன்மை மிகுந்த நீரில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வளரமாட்டா என்பது நாம் சொல்லும் காரணம். அவருக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை. எவ்வளவு தடவ வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். இது பெரிய அறிவு. ஆனால் நுண்ணுயிரியல் என்பது வேறு அறிவு.

1856-இல் பிரான்சின் லீல் நகரில் பீட்ரூட் சாற்றிலிருந்து ஆல்கஹால் எடுத்த ஆலையில் சில தொட்டிகள் புளித்துப் போயின. அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த லூயி பாஸ்டர் நல்ல தொட்டியிலும் கெட்ட தொட்டியிலும் துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். நல்லதில் உருண்டையான ஈஸ்ட். கெட்டதில் கோல் போன்ற வேறு உயிர்கள். ஒவ்வொரு நொதிப்புக்கும் அதற்குரிய உயிர் உண்டு என்ற முடிவை நோக்கி 1857-இலும் 1860-இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் சென்றன. 1897-இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். இவற்றால் கிடைத்தது என்ன? ஒரு குழாய் ஏன் கெட்டது என்று கேட்கவும், அடுத்ததைக் கெடாமல் காக்கவும் வழி கிடைத்தது. குறவருக்கு ஒரு குழாய் புளித்துப் போனால் தெய்வக் குற்றம் என்று நினைப்பதைத் தவிர வேறு வழி இருந்திராது. 'எல்லாம் அன்றே தெரியும்' என்று மாணவனிடம் சொல்லும்போது, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று சொல்லிவிடுகிறோம். கூட்டத்தில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். என் உறுத்தல் அதுதான்.

நடுவே ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மாம்பழமும் தேனுமாக யாரும் இறங்க வேண்டாம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் வீட்டில் மது செய்வது குற்றம். 1987 முதல் கள் இறக்கவும் தடை. வாயுவைக் காண விரும்பும் மாணவர்கள் வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் ரொட்டிக்கடை ஈஸ்ட்டைச் சிறிது போட்டு, குப்பியின் வாயில் பலூனை மாட்டினால் போதும். பலூன் உப்பியதும் கரைசலைக் கொட்டிவிடலாம். குப்பியைத் தக்கையால் மட்டும் அடைத்துவிடாதீர்கள். மூங்கிலைப் பற்றிச் சொன்னது கண்ணாடிக்கும் பொருந்தும்.

மீண்டும் பாடலுக்கு. செய்முறை நூல் என்று பார்த்தால் இது குறையுள்ளது. அளவு இல்லை, மூடி இல்லை, நாள் இல்லை. ஆனால் நொதிப்பு என்பது என்ன என்று தெரிந்துகொண்டு படித்தால் வேறொன்று புலப்படுகிறது. உள்ளே போகிற மூன்றும் இனிப்பு: மாங்கனி, பலாச்சுளை, தேன். குறிஞ்சி நிலத்தின் மிக இனிய பொருள்கள் இவைதாம். வெளியே வருவது பாம்பின் கடுப்பு. இனிப்போடு இன்னொன்று சேர்ந்து கடுப்பு வரவில்லை. இனிப்பே கடுப்பாக மாறுகிறது. ஒரு மூலக்கூறு சர்க்கரை அழிந்தால்தான் இரண்டு மூலக்கூறு ஆல்கஹால். எவ்வளவு இனித்ததோ அவ்வளவு கடுக்கும். அதுவும் கண்ணுக்குத் தெரியாமல், மூங்கிலின் உள்ளே, நாள் செல்லச்செல்ல நடக்கிறது.

தலைவி நம்பியதும் இனிய சொல்லைத்தான். அதை அவள் நெஞ்சினுள் வைத்திருக்கிறாள். அவன் வரவில்லை, நாள் செல்கிறது. குடித்தவர்கள் புனத்தை மறந்தார்கள், யானை தினையைக் கொண்டுபோயிற்று. சொல்லை நம்பியவள் எதைக் காக்க மறந்தாள், எதை இழந்தாள் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. குறவரின் மது, நாட்டு வருணனையாக மட்டும் அங்கே வந்து நிற்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தத் தொடர்பு தமிழாசிரியர்களுக்குத் தோன்றாததல்ல. குடித்து மறந்ததையும் நம்பி இழந்ததையும் அவர்கள் இணைத்துக் காட்டுவது உண்டு. ஆனால் அந்த இணைப்பு குடித்த பிறகுதான் தொடங்குகிறது. குழாயினுள் நடக்கும் மாற்றம் விட்டுப்போகிறது. பாடலின் முற்பாதி முழுவதும் அந்தக் குழாயைப் பற்றியதாக இருக்க, அதை 'மது வகை' என்ற ஒரு குறிப்பில் முடித்துவிடுகிறோம்.

கூட்டம் முடிந்தபின் அந்த அன்பரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியென்றால் குழாயின் வாயை எதனால் அடைத்திருப்பார்கள் சார்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். மலையடிவாரத்துப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.